முந்திக்கொண்ட ஆமென்

கேள்வி:

அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. பிறந்தது கும்பகோணம் பக்கம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். வாழ்க்கைப்பட்டது பொறையார் பக்கம், லுத்தரன் சபை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த கல்யாணம்தான். வீட்டுக்காரர் கலகலப்பானவர், சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறவர். அந்தக் குறை எதுவும் இல்லை.

கல்யாணம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். தீமையிலிருந்து காக்கச் சொல்லும் இடம் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் ‘ஆமென்’ என்று கணீரென்று சொல்லிவிட்டேன். சபை முழுவதும் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று மேலே போய்க்கொண்டிருந்தது. நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் ஆண்கள் பக்கம் பார்த்தால், இவர் தோள் குலுங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை, ‘கோயில்ல சிரிச்சா வீட்டுல அழணும்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். ஆனால் மறுநாளிலிருந்து இவர் அதை ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். வாலிபர் கூட்டத்தில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், என் அண்ணன் வந்தபோது அவனிடமும் சொன்னார். கொழுந்தன் என்னை ‘ஆமென் அண்ணி’ என்றுதான் கூப்பிடுகிறான். சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. நான் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டதாம், போதகருக்குப் பிரசங்கமே மறந்துபோனதாம். என் முகம் வாடினால், ‘உனக்குத் தமாஷே புரியாது’ என்கிறார். அடுத்த மாதம் மயிலாடுதுறையில் இவர் சித்தப்பா மகள் கல்யாணம். சொந்தமெல்லாம் கூடும். அங்கே பந்தியில் இந்தக் கதை ஓடும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. மாமா தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் பண்ணுவார். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கவேண்டும் என்று ஆரம்பித்து, நாற்றங்கால், நாத்தனார் பிரசவம் என்று வந்து, கடைசியில் ‘ஆண்டவரே, இந்த வீட்டில் ஃபேனை நிறுத்தாமல் அறையை விட்டுப் போகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்’ என்பார். அது நான்தான். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடிவதில்லை.

கோயிலில் சிரித்தது பாவமா? இவர் சொல்வதற்குச் சிரிக்க முடியாமல் இருப்பது என் குறையா?

– பெயர் வேண்டாம்

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன், தங்கச்சி. எனக்கு அதில் கூச்சமில்லை, ஏனென்றால் கதையை எனக்குச் சொன்னது நீங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ஆமென். நீங்கள் ஜெபமாலை சொல்லி வளர்ந்த பெண். ஒரு ஜெபமாலையில் 6 தடவை பரலோக மந்திரம், அதாவது புகுந்த வீட்டில் பரமண்டல ஜெபம் என்கிற அதே ஜெபம், வரும். முதல் பாதியை வீட்டில் ஒருவர் சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லி, தீமை வந்ததும் ஆமென் போட்டு முடிப்பார்கள். குழந்தையிலிருந்து சாயங்காலத்துக்கு 6 தடவை அந்த இடத்தில் நின்று பழகிய நாக்கு, இரண்டே வாரத்தில் சபை மாறிவிடுமா? கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கூடி, மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்கிற 400 வருஷத்துக்கும் மேலான வழக்கில் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்தே போட்டார்கள். ஆமென் எங்கே சொல்வது என்பதை மட்டும் கும்பகோணத்துப் பெண்ணும் பொறையார் மாப்பிள்ளையும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்து, சிரிப்பு ஏன் நிற்கவில்லை என்பது. ராபர்ட் ப்ரொவைன் என்று ஓர் அமெரிக்க ஆய்வாளர், கடைத்தெருவிலும் கல்லூரியிலும் ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டே ஆராய்ச்சி செய்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அதில் பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்குப் பிறகு வருவதே இல்லையாம், சாதாரணப் பேச்சுக்குப் பிறகு வருவதாம். உங்களுக்கும் ஆமென் சொன்னபோது சிரிப்பு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் தோளைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்பது வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை ஆண்கள் பக்கம் திரும்பாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். சிரிப்பு என்பதே மூச்சு துண்டு துண்டாக வெளியே வருவதுதான், நீளமாக விட்டால் அதற்கு இடம் இருக்காது. அப்படியும் முடியவில்லையென்றால், பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அழாத குழந்தையானாலும் பரவாயில்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடும்பநல ஆலோசகர்தான், போதகர் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்ற அளவில் சொல்கிறேன். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கிழவியான சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று கூடாரத்து வாசலில் பேச்சு நடக்கிறது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சாராள் தனக்குள்ளே சிரித்துவிடுகிறாள். ஏன் சிரித்தாள் என்று கேள்வி வந்ததும் பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்கிறாள். இல்லை, சிரித்தாய் என்கிறார் ஆண்டவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தண்டனை ஒன்றும் கிடையாது, சொன்னபடி மறுவருஷம் பிள்ளைதான் பிறந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம். பேதுரு ஜெயிலில் இருக்கிறார். அவருக்காக ஒரு வீட்டில் ராத்திரி ஜெபக்கூட்டம் நடக்கிறது. பேதுருவோ விடுதலையாகி வந்து அதே வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபத்தில் இருந்தவர்கள், உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்கிறார்கள். கேட்ட ஜெபம் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஜெபக்கூட்டம் நம்ப மாட்டேன் என்கிறது! நம் வீட்டுக் கூட்டங்களில் இதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

உங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சிரிப்புக்கு விரோதிகள் அல்ல. லுத்தரன் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லுத்தர் 1525இல் கேத்தரினாவைக் கல்யாணம் செய்தார். அவர் துறவியாக இருந்தவர், அந்த அம்மா கன்னியர் மடத்தில் இருந்தவர். முதல் வருஷக் கல்யாண வாழ்க்கை ஒரு மாதிரி விசித்திரமாக இருக்கும், காலையில் கண் விழித்துப் பார்த்தால் நேற்றுவரை இல்லாத சடை இரண்டு பக்கத்தில் கிடக்கிறது என்று லுத்தர் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். கூட உட்கார்ந்திருந்தவர்கள் அதையும் எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் பிறந்த வீட்டுப் பக்கம் வந்தால், கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் கட்டிய வீரமாமுனிவர், ஓர் அசட்டுக் குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் வைத்துத் தமிழே சிரிக்கும்படி கதை எழுதினார். குருக்களைக் கிண்டல் செய்தவரும் ஒரு குருதான்.

இதையெல்லாம் அத்தையிடம் எடுத்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள். வசனத்தால் மாமியாரை மடக்கிய மருமகளுக்கு அந்த வீட்டில் அப்புறம் நிம்மதி இருக்காது. அவர்கள் ‘வீட்டுல அழணும்’ என்று சொன்னதைச் சாபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேறு சபையிலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள். பெண்கள் வரிசையில் அக்கம்பக்கம் உட்காருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். உங்களுக்கு நாலு வரிசை திரும்பிப் பார்த்தது என்றால், அவர்களுக்கு நாற்பது வருஷப் பழக்கமான முகங்கள் திரும்பிப் பார்த்தன. கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து, ‘அத்தே, நீங்க வந்த புதுசுல கோயில்ல எதுவும் இப்படி ஆச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மணவறைச் சேலையில் தடுக்கி விழுந்ததோ, காணிக்கைப் பையில் காசுக்குப் பதில் வீட்டுச் சாவியைப் போட்டதோ ஏதாவது ஒன்று வெளியே வரும். புதிதாக வந்தவர்கள் தப்பாகச் சொல்லித்தான் ஓர் இடத்துக்குப் பழகுகிறார்கள். 1706இல் உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். அந்த வாண்டுகள் அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காமலா இருந்திருக்கும்?

சரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

திருவாரூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த முதல் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களுக்கு ஏலம் நடக்கிறது. பூசணிக்காய், வாழைத்தார், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் போய், கடைசியில் ஒரு சேவல் வருகிறது. அந்தச் சேவலைக் காணிக்கையாகக் கொடுத்தது அந்தப் பெண்ணின் மாமியார். கொடுத்துவிட்டாரே தவிர, காலையிலிருந்து அதை நினைத்துக் கண் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மகன் அதைப் பார்த்திருக்கிறான், அம்மாவுக்காக எப்படியாவது திருப்பி எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்கிறான். மருமகளும் பார்த்திருக்கிறாள், பெண்கள் பக்கத்திலிருந்து தோழியை விட்டுக் கேட்கச் சொல்கிறாள். நடுவில் ஒரு தூண். இருவருக்கும் எதிராளி யாரென்று தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். ஏலம் போடுகிறவர் இப்படி ஒரு வாய்ப்பை விடுவாரா? ‘அம்மா பக்கம் ஆயிரத்து நூறு, ஐயா பக்கம் ஆயிரத்து இருநூறு’ என்று ஏற்றிக்கொண்டே போனார். ஆயிரத்து எண்ணூறு வந்ததும் மாமியார் பாயிலிருந்து எழுந்து, ‘நிறுத்துங்கடா, ரெண்டும் என் வீட்டுக் காசு!’ என்று கத்தினாராம்.

இந்தக் கதையை அவர்கள் வீட்டில் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். ஆயிரத்து இருநூறு வரைக்கும் அவர் சொல்வார், அதற்கு மேல் அவள் எடுத்துக்கொள்வாள். மாமியார் வீட்டில் இருந்தால் கடைசி வசனத்தை அவரே வந்து சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள். மூன்று பேருமே அதில் அசடு வழிகிறார்கள். யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். புறா வந்துவிட்டது, போதகர் வந்துவிட்டார், ஒரு முக்கியமான ஆளைக் காணோம். ஆண்கள் வரிசையில் தோள் குலுங்கச் சிரித்த அந்த மனிதர் எங்கே? அன்றைக்கு முதலில் அடக்க முடியாமல் போனது அவருக்குத்தானே? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் சிரித்த கதையில் அவர் இருந்தார். திங்கட்கிழமை டீக்கடைக்குப் போனபோது தன்னை வெளியே எடுத்துவிட்டு உங்களை மட்டும் நடுவில் நிறுத்திவிட்டார். அதனால்தான் முதல் நாள் இனித்தது இப்போது கசக்கிறது. உங்களுக்குத் தமாஷ் புரியாமல் இல்லை, நன்றாகப் புரிகிறது. இப்படி ஒரு கடிதம் எழுதுகிறவருக்குத் தமாஷ் புரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அவர் வீட்டு ஆளாகிவிட்டார் என்று அர்த்தம். என் பெண்டாட்டி எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள், அவளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்ற பெருமையும் அதில் இருக்கலாம். புது மாப்பிள்ளைகளுக்கு மனைவியைப் பற்றி நாலு பேரிடம் பேச ஆசையாக இருக்கும், எப்படிப் பேசுவதென்று தெரியாது. பாசமாகப் பேசினால் கேலி செய்வார்கள் என்று கேலியாகப் பேசிவிடுகிறார்கள்.

ஆனாலும் இது வளர விடக்கூடாத பழக்கம். கணவன் மனைவி பேசிக்கொள்வதை வருஷக்கணக்கில் வீடியோ எடுத்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், திருமணத்தை மிக அதிகமாக அரிப்பது கோபமோ சண்டையோ இல்லை, இளக்காரம்தான் என்கிறார். கண்ணை உருட்டுவது, உதட்டைப் பிதுக்குவது, எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவது. உங்கள் வீட்டில் அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாடிய முகத்தைப் பார்த்த பிறகும் சொல்வதும், ‘உனக்குத் தமாஷே புரியாது’ என்று பழியை உங்கள் மேலேயே போடுவதும் அந்தப் பக்கம் போகிற வழி. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தில், அடுத்தவனை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குத்தானே செய்தேன் என்கிறவனைக் கொள்ளியையும் அம்பையும் எறிகிற பைத்தியக்காரனோடு சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற சமாதானம் அவ்வளவு பழசு.

அவரிடம் எப்படிச் சொல்வது? கதை நடந்துகொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகாதீர்கள். அப்போது அவருக்கு நாலு பேர் முன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும், விட்டுக்கொடுக்க மாட்டார். கொழுந்தனை வைத்துக்கொண்டும் பேசவேண்டாம். இரண்டு பேரும் தனியாக பைக்கில் எங்காவது போய்வருகிற நாளில், கடற்கரையிலோ கடைத்தெருவிலோ நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி தேதி வாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘என்னங்க, அன்னைக்கு ராத்திரி நாம ரெண்டு பேரும் சிரிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதையே நீங்க மத்தவங்ககிட்ட சொல்றப்ப நான் மட்டும் தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. என்னைக் கேக்காம இனிமே சொல்லாதீங்க.’ இவ்வளவு போதும். அவர் உடனே ‘இதுக்கா இவ்வளவு?’ என்பார். ஆமாம், இதற்குத்தான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்பது மட்டும் வேண்டாம். ஐந்து மாதத்தில் எப்பவுமே ஏது?

அதோடு ஒன்று கேளுங்கள்: ‘நீங்க அசடு வழிஞ்ச கதை ஒண்ணு சொல்லுங்க, நான் எங்க அண்ணன்கிட்ட சொல்லணும்.’ இது பழிக்குப் பழி இல்லை. தன் கதை அடுத்தவர் வாயில் போகும்போது எப்படி இருக்கும் என்பது கேட்டுக்கொண்டிருந்தால்தான் தெரியும். பெரும்பாலான ஆண்களுக்கு அங்கேயே விஷயம் பிடிபட்டுவிடும். இந்தப் பதிலையே அவர் கையில் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தம்பி, நீங்கள் வாசித்தால் உபாகமம் 24ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தையும் பாருங்கள். புதிதாகக் கல்யாணமானவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகவேண்டாம், வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி.

கொழுந்தன் விஷயம் பெரிதல்ல. அண்ணன் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். ஒருவேளை ‘ஆமென் அண்ணி’ உங்களுக்கே பிடித்துப்போனால் வைத்துக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையது.

மாமாவின் ஃபேன் ஜெபத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதாக எழுதவில்லை, ரசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். நேரில் சொன்னால் புது மருமகள் வருத்தப்படுவாளோ என்று ஆண்டவர் வழியாகச் சொல்லி அனுப்புகிறார், பாவம். மேட்டூர் அணைக்கும் நாத்தனார் பிரசவத்துக்கும் அடுத்த இடத்தில் உங்களை வைத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். நாளை ஜெபத்துக்கு உட்காரும் முன் எழுந்து போய் எல்லா அறையிலும் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து, ‘ஜெபம் கேட்கப்பட்டது மாமா’ என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் சிரித்தாலும் சிரிப்பார். சிரிக்காவிட்டாலும் கரண்ட் பில் குறையும்.

ஒன்றை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்லிவிடுகிறேன். பிறந்த வீட்டை, சீர் கொண்டுவந்ததை, நிறத்தை, படிப்பை வைத்துத் தமாஷ் என்ற பெயரில் குத்திக்கொண்டே இருந்தால், நிறுத்தச் சொன்ன பிறகு அது கூடினால், அப்போது பேர் வேறு. அந்த நிலைமை வந்தால் பிறந்த வீட்டில் நம்பிக்கையானவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண் இதற்காகவும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

இனி மயிலாடுதுறைக் கல்யாணம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் அவரிடம் பேசிவிடுவீர்கள். அப்படியும் பந்தியில் யாராவது, ‘அந்த ஆமென் கதையைச் சொல்லுப்பா’ என்று கேட்கத்தான் போகிறார்கள், ஏற்கெனவே அது பரவிவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். புறாவெல்லாம் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், அதுவே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆமென் சொன்ன இடம்வரை நீங்கள் சொல்லுங்கள், ‘அப்ப ஆம்பளைங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு இவர்தான் சொல்லணும்’ என்று அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தோள் குலுங்கியதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

அந்த உற்சாகத்தில் ஃபேன் ஜெபத்தையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். அது மாமாவின் கதை, அவரைக் கேட்டுக்கொண்டு அப்புறம் சொல்லலாம்.